படுக்கை சென்சார் தப்பாகக் காட்டினால் கட்டில் காலிலிருந்து மேலே தேடுங்கள்

படுத்தவர் எப்போது புரண்டார், எந்தப் பக்கம் ஒருக்களித்தார், எவ்வளவு நேரம் அசையாமல் கிடந்தார் என்பதைக் கட்டிலே சொல்ல மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. கட்டிலின் நான்கு கால்களுக்கும் அடியில், எடையை மின்னழுத்தமாக மாற்றும் லோடு செல் வைக்கலாம். மெத்தைக்கு அடியில், நெஞ்சுக்கு நேராக, பியசோ பட்டை (அழுத்தம் மாறும்போது மின்னழுத்தம் தரும் வில்லை பதித்தது) வைக்கலாம். விரிப்புக்கு அடியில் அழுத்தக் கட்டங்கள் கொண்ட பாயை விரிக்கலாம். மூன்றும் மூன்று விதமாகப் பழுதாகும். ஆனால் பழுதைத் தேடும் வரிசை ஒன்றுதான். தரை, கட்டில் கால், சட்டம், மெத்தை, வயர், மின்சாரம், கடைசியில்தான் நிரல்.

பலரும் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். கோடு ஆடுகிறது என்றதும் நிரலில் ஃபில்டர் போட்டு மழுப்பிவிடுகிறார்கள். அப்படி மறைத்த பழுது வேறு வடிவில் திரும்பி வரும். படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாருவை (தாத்தாவை) எப்போது திருப்பிப் படுக்க வைப்பது என்று வீட்டார் இந்த எண்ணை நம்பித்தான் முடிவு செய்கிறார்கள். அதனால் இதில் சமரசம் கூடாது.

கீழே உள்ள விவரங்கள் வீட்டில் கட்டிக்கொள்ளும் அமைப்புக்கானவை: வைஃபை உள்ள சிறு கணினியான இ.எஸ்.பி.32 போர்டு, லோடு செல்லின் மின்னழுத்தத்தைப் பெருக்கி எண்ணாக்க எச்.எக்ஸ்.711 போர்டு, பியசோவின் சிக்னலைப் பெருக்க ஒரு ஆப்-ஆம்ப். கடையில் வாங்கிய பட்டைக்கும் கட்டில், மெத்தை பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை

ஆள் இல்லாத கட்டிலை 10 நிமிடம் பதிவு செய்யுங்கள். ஃபில்டர் எதுவும் வேண்டாம், சென்சார் தரும் எண்ணையே எடுங்கள். முதல் 5 நிமிடம் மின்விசிறி ஓடட்டும், அடுத்த 5 நிமிடம் நிறுத்திவிடுங்கள். இரண்டுக்கும் ஒரு நொடித் துண்டுகளாகத் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பது) கணக்கிட்டுக் குறித்து வையுங்கள். அதுதான் உங்கள் கட்டிலின் அடிச் சத்தம். அசைவு என்று எண்ண வேண்டிய வரம்பை அதைப் போல 5 மடங்கில் தொடங்குங்கள். இந்த எண் தெரியாமல் வைக்கும் வரம்பு வெறும் ஊகம்.

அடுத்தது எடைச் சோதனை. 20 லிட்டர் தண்ணீர் கேன் எல்லா ஊரிலும் கிடைக்கும். நிரம்பிய கேனை மளிகைக் கடைத் தராசில் ஒருமுறை எடை போட்டு, எண்ணை அதன் மேலேயே எழுதிவிடுங்கள். கட்டிலின் நான்கு மூலைகளிலும், நடுவிலும், ஒரு பலகை மேல் கேனை வைத்து, தண்ணீர் தளும்பி அடங்க ஒரு நிமிடம் விட்டு மொத்த எடையைப் பாருங்கள். ஐந்து இடத்திலும் அரைக் கிலோவுக்குள் ஒரே எண் வர வேண்டும். ஏதாவது ஒரு மூலையில் மட்டும் குறைந்தால் பழுது அந்த மூலையில்தான். ஒன்று அந்தச் செல்லின் அளவீடு தப்பு, இல்லையென்றால் எடையில் ஒரு பங்கு வேறு எங்கோ இறங்குகிறது. கட்டில் தலைமாடு சுவரில் உரசுவது, கொசுவலைக் கயிறு ஜன்னல் கம்பியில் இறுகக் கட்டியிருப்பது, அடியில் தள்ளிய டிரங்குப் பெட்டி சட்டத்தைத் தொடுவது ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் காரணம். சுவருக்கும் கட்டிலுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி எப்போதும் இருக்கட்டும்.

கடைசியாக, கேனை நடுவில் 30 நிமிடம் விட்டு எண் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். இது கீழே 'எடை ஊர்கிறது' என்ற இடத்தில் பயன்படும்.

எண் ஒரே இடத்தில் நின்றுவிட்டது

எச்.எக்ஸ்.711 தருவது 24 பிட் எண். அது எந்த எண்ணில் நிற்கிறது என்பதே பழுதின் பெயர். 8388607 அல்லது -8388608 என்றால் உள்ளே வரும் மின்னழுத்தம் அளவைத் தாண்டிவிட்டது. 5 வோல்ட் மின்னூட்டத்தில், 128 மடங்கு பெருக்கத்தில், அந்தச் சில்லு தாங்குவது கூட்டல் கழித்தல் 20 மில்லிவோல்ட்தான். ஒரு வயர் விடுபட்டாலும், பாலம் (செல்லுக்குள் நான்கு ரெசிஸ்டர்களைச் சேர்த்த சுற்று) தப்பாக இணைந்தாலும் உடனே உச்சிக்குப் போய்விடும். எப்போதும் -1 வந்தால் சில்லின் டேட்டா கால் (பின்) உயர் மின்னழுத்தத்திலேயே நிற்கிறது, சில்லு பதில் தரவில்லை. எப்போதும் 0 வந்தால் அந்தக் கால் சுற்றின் தரையோடு (GND) ஒட்டிக்கொண்டது, அல்லது வயர் வேறு பின்னில் இருக்கிறது.

குளியலறைத் தராசில் இருக்கும் 50 கிலோ செல்களுக்கு மூன்று வயர்தான் இருக்கும். நிறத்தை நம்பாதீர்கள், தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டிரண்டாக அளந்து பாருங்கள். எந்த ஜோடியில் ஏறக்குறைய 2000 ஓம் வருகிறதோ அவை இரண்டும் ஓரங்கள். மிச்சம் இருப்பது நடு வயர், அதிலிருந்து ஒவ்வொரு ஓரத்துக்கும் சுமார் 1000 ஓம் வரும். நான்கு செல்லையும் சேர்த்து ஒரே பாலமாக்கினால் மொத்த எடை மட்டுமே கிடைக்கும். ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதற்கு அது போதும், எந்தப் பக்கம் புரண்டார் என்பதற்குப் போதாது. புரள்வது தெரிய வேண்டுமென்றால் காலுக்கு ஒரு எச்.எக்ஸ்.711 வேண்டும். மூன்று வயர் செல்லாக இருந்தால், 0.1 சதவீதத் துல்லியம் கொண்ட இரண்டு 1000 ஓம் ரெசிஸ்டர்களால் பாலத்தின் மறுபாதியை நிரப்ப வேண்டும்.

எண் வருகிறது, ஆனால் ஆள் ஏறிப் படுத்தாலும் அசையவில்லை என்றால், செல்லைத் தரையில் சும்மா படுக்க வைத்திருக்கிறீர்கள். அந்தத் தட்டைச் செல்லின் வெளிச் சட்டம் தாங்கப்பட்டு, நடு நாக்கு கீழே வளைய இடம் இருக்க வேண்டும். வளையாத இரும்பு எதையும் அளக்காது. சட்டம் உட்காரும் விளிம்பும், நாக்குக்குக் கீழே 2 மில்லிமீட்டர் பள்ளமும் கொண்ட ஒரு கிண்ணத்தைச் செய்துகொள்ளுங்கள். கோவையில் கணபதி, பீளமேடு பக்கத்து லேத் பட்டறைகளில் மாதிரிச் செல்லைக் கையில் கொடுத்தால் அளவு பிடித்துக் கடைந்து தருவார்கள். மரத்தில் செய்தால் சில வாரத்தில் அமுங்கிப் பள்ளம் மறைந்துவிடும், இரும்புத் தகடுதான் நிற்கும்.

செல்லின் தாங்குதிறனையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். இரட்டைக் கட்டில், மெத்தை, இரண்டு பேர் என்று கூட்டினால் 200 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். நான்கு 50 கிலோ செல்லுக்கு அதுவே எல்லை. அதுவும் எடை சமமாகப் பிரிந்தால்தான். காலையில் எழுந்து கட்டில் முனையில் உட்காரும்போது ஏறக்குறைய முழு உடம்பும் ஒரே காலில் இறங்கும். காலுக்கு 200 கிலோ செல் போடுவதே நல்லது. நுட்பம் போய்விடுமோ என்ற கவலை வேண்டாம். வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் தரும் செல்லுக்கு 3 வோல்ட் ஊட்டினால் 200 கிலோவுக்கு 6 மில்லிவோல்ட் வரும். எச்.எக்ஸ்.711-இன் சொந்தச் சலசலப்பு மெதுவான வேகத்தில் 50 நானோவோல்ட் அளவு. கணக்குப் போட்டால் 2 கிராமுக்கும் கீழே. புரள்வதற்கு இது தாராளம்.

கட்டில் காலியாக இருக்கிறது, ஆனால் அசைவு காட்டுகிறது

கொங்குப் பகுதி வீடுகளில் அதிகம் தலைவலி தரும் அறிகுறி இது. காரணம் வீட்டுக்கு வீடு மாறும். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

முதலில் மின்விசிறி. நிமிடத்துக்கு 330 சுற்று சுற்றும் மேல் விசிறி, நொடிக்கு 5.5 முறை கட்டிடத்தை உலுக்குகிறது. எச்.எக்ஸ்.711 போர்டு வாங்கியபடியே நொடிக்கு 10 முறைதான் அளக்கும், ஆகவே 5 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எதையும் அதனால் உள்ளபடி காட்ட முடியாது. 5.5 ஹெர்ட்ஸ் மடிந்து, அதாவது வேறொரு குறைந்த வேகம் போல வேடமிட்டு, 4.5 ஹெர்ட்ஸாகத் தெரியும். நிமிடத்துக்கு 1300 சுற்று ஓடும் ஸ்டாண்டு விசிறி இன்னும் மோசம். அது 21.7 ஹெர்ட்ஸ். மடிந்தால் 1.7 ஹெர்ட்ஸ் என்று, இதயத் துடிப்பின் எல்லைக்குள்ளேயே வந்து உட்காரும். வலு குறைந்துதான் வரும், ஆனாலும் வரும். விசிறியைக் கட்டிலிலிருந்து தள்ளி, வேறு தரைக்கல்லில் வையுங்கள். எச்.எக்ஸ்.711-இன் பச்சை போர்டில் சில்லின் 15ஆம் காலைத் தரையிலிருந்து (GND) பிரித்து மின்னூட்டத்தோடு சேர்த்தால் வேகம் நொடிக்கு 80 ஆகும், மடிப்புத் தொல்லை குறையும். ஆனால் சலசலப்பு கூடும், 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சலை அடக்கும் குணமும் போய்விடும். புரள்வது மட்டும் போதும் என்றால் 10-லேயே இருங்கள்.

இரண்டாவது தறி. சோமனூர், பல்லடம், குமாரபாளையம் பக்கம் சுவரை ஒட்டி விசைத்தறி ஓடும் வீடுகள் ஏராளம். நிமிடத்துக்கு 120 ஊடை போடும் நாடாத்தறி தரையை நொடிக்கு 2 முறை இடிக்கிறது. சென்சாருக்கு அது 120 துடிப்புள்ள இதயம். இதற்குக் கட்டில் காலுக்கு ரப்பர் பேடு வாங்குவது வீண் செலவு. 2 ஹெர்ட்ஸ் அதிர்வைத் தடுக்கும் தாங்கி, கட்டிலின் எடைக்கே ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் அமுங்கும் அளவு மென்மையாக இருக்க வேண்டும். அப்படி ஒரு ரப்பர் துண்டு கிடையாது, இருந்தாலும் அதன்மேல் கட்டில் நிற்காது. செய்யக்கூடியவை இரண்டு. கட்டிலைத் தறிச் சுவருக்கு எதிர்ப்புறம் மாற்றலாம். அல்லது இன்னொரு பியசோ வில்லையைக் கட்டில் காலுக்குப் பக்கத்தில் தரையிலேயே ஒட்டி, இரண்டிலும் ஒரே நேரத்தில் வரும் அதிர்வைக் கழித்துவிடலாம். இரண்டும் முடியாவிட்டால் தறி ஓடும் நேரத்தில் துடிப்புக் கணக்கைக் கைவிட்டு, புரள்வதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தப்பான துடிப்பு எண்ணைக் காட்டுவதைவிட எதுவும் காட்டாமல் இருப்பது மேல்.

மூன்றாவது காற்று. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வரைக்கும் ஜன்னலைத் திறந்து வைக்க விடாது. கட்டிலோடு கட்டிய கொசுவலை பாய்மரமாகி இழுக்கும். பதிவில் இது ஒழுங்கில்லாத, 2 முதல் 10 நொடி நீளமுள்ள மேடுகளாகத் தெரியும். நான்கு கால்களில் காற்றடிக்கும் பக்கத்து இரண்டு கால் குறைந்து எதிர்ப் பக்கத்து இரண்டு கால் கூடும், மொத்தம் மாறாது. புரள்வதும் ஏறக்குறைய இதே போலத் தெரியும், அதனால்தான் குழப்பம். வலையைக் கட்டிலில் கட்டாமல் கூரைக் கொக்கியில் தொங்கவிட்டு, ஓரத்தைத் தளர்வாக விடுங்கள்.

நான்காவது கரண்ட் இரைச்சல். பியசோ பட்டையில் கோடு தடித்த பட்டையாகத் தெரிந்தால், சார்ஜரைக் கழற்றி பவர் பேங்கில் ஓட்டிப் பாருங்கள். கோடு மெலிந்தால் குற்றவாளி சார்ஜர் அல்லது வீட்டு எர்த். இரண்டு பின் மலிவு சார்ஜரும், சதுர அலை தரும் பழைய இன்வெர்ட்டரும் இதில் முதலிடம். பட்டையிலிருந்து வரும் வயர் ஷீல்டு உள்ளதாக இருக்கட்டும். ஷீல்டை போர்டு முனையில் மட்டும் தரையோடு சேருங்கள், இரண்டு முனையிலும் சேர்த்தால் இரைச்சல் கூடும். பவர் பேங்கையே நிரந்தரமாக வைக்க நினைத்தால் ஒன்று கவனியுங்கள். இழுக்கும் கரண்ட் குறைந்தால் பல பவர் பேங்குகள் தாமாக அணைந்துவிடும்.

ஆள் படுத்திருக்கிறார், ஆனால் 'யாரும் இல்லை' என்கிறது, மூச்சு தெரியவில்லை

பியசோவின் இயல்பை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அது மாற்றத்தை மட்டும் சொல்லும், நிலையான எடையைச் சொல்லாது. அசையாமல் தூங்குபவரும் காலிக் கட்டிலும் அதற்கு ஒன்றே, மூச்சு பிடிபட்டால் தவிர. மூச்சு நிமிடத்துக்கு 12 முதல் 20, அதாவது 0.2 முதல் 0.33 ஹெர்ட்ஸ். அது சுற்றில் உயிரோடு கடந்து வர வேண்டும்.

பெரும்பாலான அமைப்புகள் இங்கேதான் தோற்கின்றன, காரணம் ஒரே ஒரு ரெசிஸ்டர். 27 மில்லிமீட்டர் பியசோ வில்லையின் மின்தேக்கம் சுமார் 20 நானோஃபாரட். அதற்குக் குறுக்கே வழக்கமாகப் போடும் 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருந்தால், 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எல்லாம் வடிந்துவிடும். கட்டிலைத் தட்டினால் பிரமாதமாகக் காட்டும், மூச்சைக் காட்டவே காட்டாது. 10 மெகாஓம் போட்டால் எல்லை 0.8 ஹெர்ட்ஸுக்கு இறங்கும், இன்னும் போதாது. 10 மெகாஓமோடு வில்லைக்கு இணையாக 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் சேர்த்தால் எல்லை 0.13 ஹெர்ட்ஸ் ஆகும், மூச்சு வந்துவிடும். இதற்கு விலை உண்டு: மின்னழுத்தம் ஆறில் ஒரு பங்காகக் குறையும், பின்னால் பெருக்கிக்கொள்ள வேண்டும். பெருக்க எம்.சி.பி.6002 போன்ற, 3.3 வோல்ட்டில் ஓடி, உள்ளீட்டில் கரண்ட் உறிஞ்சாத ஆப்-ஆம்ப் வேண்டும். நடுநிலையை 1.65 வோல்ட்டில் வையுங்கள். குழந்தை மெத்தையில் குதித்தால் வில்லை பல பத்து வோல்ட் தரும், ஆகவே உள்ளீட்டில் 10 கிலோஓமும் இரண்டு கிளாம்ப் டையோடும் கட்டாயம்.

இ.எஸ்.பி.32-இல் வைஃபை ஓடும்போது இரண்டாவது ஏ.டி.சி. (மின்னழுத்தத்தை எண்ணாக்கும்) தொகுதியின் கால்கள் படிக்காது. வைஃபை இல்லாமல் சோதித்தபோது வேலை செய்தது, இணைத்ததும் செத்துவிட்டது என்றால் இதுதான். 32 முதல் 39 வரை உள்ள கால்களுக்கு மாற்றுங்கள்.

சுற்று சரி என்றால் மெத்தைக்கு வாருங்கள். இலவம் பஞ்சு மெத்தையை வெயிலில் காயப் போட்டு அடித்து விரித்த அன்று, பஞ்சு உப்பி இருக்கும், சிக்னல் குறையும். நாளாக நாளாக அமுங்கித் திரும்பக் கூடும். ஆகவே மெத்தையைக் காயப் போட்ட ஒவ்வொரு முறையும் அடிச் சத்தத்தை மறுபடி எடுக்க வேண்டும். பஞ்சு கட்டிதட்டியிருந்தால் நெஞ்சு வரும் இடத்தில் கட்டி இல்லாமல் பார்த்து விரியுங்கள். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நார் மெத்தை விறைப்பானது, மூச்சையும் துடிப்பையும் நன்றாகக் கடத்தும், கூடவே தறியையும் விசிறியையும் கடத்தும். தடித்த மெமரி ஃபோம் மூச்சை விழுங்கிவிடும். ஆள் எழுந்த பிறகும் மெல்ல எழும்புவதால், அழுத்தப் பாயில் சில நிமிடம் 'இருக்கிறார்' என்றே காட்டும்.

கயிற்றுக் கட்டிலும் நாடாக் கட்டிலும் தனி விஷயம். அடியில் உறுதியான தளம் இல்லாததால் பட்டை உடம்போடு சேர்ந்து தொங்கும், அழுந்தாது. 12 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டைக் கயிற்றுக்கும் பட்டைக்கும் நடுவே நெஞ்சு அகலத்துக்கு வைத்தால் சரியாகும். பெரியவர்களுக்கு அந்தத் துண்டு முதுகில் உறுத்தும் என்றால் விட்டுவிட்டு, கால்களுக்கு லோடு செல் போடுங்கள். கயிறு எவ்வளவு தொய்ந்தாலும் எடை கால் வழியாகத்தானே இறங்கியாக வேண்டும். தோட்டத்துச் சாளையில் கயிற்றுக் கட்டிலில் படுப்பவருக்கு இதைவிட ஏற்ற அமைப்பு இல்லை.

இடமும் வலமும் மாறுகிறது. படுக்கும் நிலை தப்பாக வருகிறது

இடது வலது மாறினால் முதலில் கேளுங்கள்: யாருடைய இடது? கால்மாட்டில் நின்று பார்ப்பவருக்கு இடது, மல்லாந்து படுத்தவருக்கும் இடதுதானா? இல்லை, எதிர். பெயர்கள் எப்போதும் மல்லாந்து படுத்தவர் கணக்கில் இருக்கட்டும். கட்டில் கால்களில் பெயின்ட்டால் தலை-இடது, தலை-வலது, கால்-இடது, கால்-வலது என்று எழுதிவிடுங்கள். வடக்கே தலை வைக்கக் கூடாது என்று யாராவது தலையணையை மறுமுனைக்கு மாற்றிப் படுத்தால் நான்கு பெயரும் ஒரே இரவில் தலைகீழாகும். ஆள் படுத்தபின் அதிக எடை தலைப்பக்கம் என்று எழுதிய முனையில் இருக்கிறதா என்று நிரலே பார்த்து எச்சரிக்கும்படி ஒரு வரி சேர்ப்பது நல்லது.

புரளும் தூரத்துக்கான கணக்கு எளிது. வலது இரண்டு கால் கூட்டலிலிருந்து இடது இரண்டு கால் கூட்டலைக் கழித்து, மொத்தத்தால் வகுத்து, இடது வலது கால்களுக்கு இடையிலான தூரத்தில் பாதியால் பெருக்கினால் எடை மையம் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று வரும். காலிக் கட்டிலின் எடையை ஒவ்வொரு காலிலும் முன்பே கழித்திருக்க வேண்டும். கழிக்காவிட்டால் கட்டில் எடை மையத்தை நடுவிலேயே பிடித்து இழுக்கும், புரள்வதெல்லாம் சிறிதாகத் தெரியும். 'சென்சார் மந்தம்' என்று சொல்லப்படுவதில் பாதி இதுதான்.

கட்டில் ஆடுகிறதா என்பதையும் பாருங்கள். பழைய காவித் தரை, கடப்பாக்கல் தரைகளில் நான்கு காலும் ஒரே மட்டத்தில் இருப்பது அபூர்வம். மூன்று கால் எடையைத் தாங்கும், நான்காவது சும்மா தொங்கும். புரளும்போது எடை திடீரென ஒரு மூலைவிட்டத்திலிருந்து மற்றதுக்குத் தாவும். காலிக் கட்டிலில் எதிரெதிர் மூலைகளில் உள்ள ஒரு ஜோடி மட்டும் மற்ற ஜோடியைவிட மிகக் குறைவாக இருந்தால் இதுதான். குறைந்த காலுக்கு அடியில் தகட்டுத் துண்டு கொடுத்துச் சமப்படுத்துங்கள். அட்டை, செய்தித்தாள் மடிப்பு கூடாது, அவை அமுங்கும்.

அடுத்தது நேர்மை சம்பந்தப்பட்டது. நான்கு கால் செல், நகர்ந்ததைச் சொல்லும். மல்லாந்தா, குப்புறவா என்பதைச் சொல்லாது, இரண்டிலும் எடை மையம் ஏறக்குறைய அதே இடம். இடப்பக்கம் ஒருக்களித்தவர் கட்டிலின் வலது பாதியில் கிடக்கலாம், ஆகவே மையம் வலதில் இருப்பதால் வலப்பக்கம் ஒருக்களித்தார் என்று எழுதுவதும் தப்பு. இந்த அமைப்பில் 'புரண்டார், இத்தனை மணிக்கு, இந்தத் திசையில்' என்பதோடு நிறுத்துங்கள். நிலையின் பெயர் வேண்டுமென்றால் அழுத்தப் பாய் வேண்டும். அதில் மல்லாந்தால் தோள்பட்டை, இடுப்பு, குதிகால் ஆகியவை அகலமாக விழும், ஒருக்களித்தால் தோளும் இடுப்பும் ஒடுங்கிய பட்டையாக விழும். அதிலும் மல்லாந்தது, குப்புறப் படுத்தது இரண்டையும் பிரிக்க முடியாவிட்டால் 'தட்டையாக' என்று ஒரே பெயர் கொடுங்கள். ஒவ்வொருவரையும் ஒவ்வொரு நிலையிலும் 2 நிமிடம், கட்டிலின் இரண்டு பாதியிலும் படுக்கவைத்து மாதிரி எடுங்கள். முழங்காலுக்கு நடுவே தலையணை வைத்துப் படுக்கும் பழக்கம் இருந்தால் அந்தத் தலையணையோடுதான் மாதிரி எடுக்க வேண்டும்.

அழுத்தப் பாயில் ஆள் இல்லாத இடத்தில் புள்ளி எரிகிறது

வெலோஸ்டாட் தாளை (அழுத்தினால் மின்தடை குறையும் பிளாஸ்டிக் தாள்) நடுவில் வைத்து, மேலே குறுக்கு வரிசையாகவும் கீழே நெடுக்காகவும் செப்பு நாடா ஒட்டிய பாயில் இது பிறவிக் குணம். ஒரு செவ்வகத்தின் மூன்று மூலை அழுந்தினால், கரண்ட் அந்த மூன்றின் வழியாகச் சுற்றி வந்து நான்காவது மூலையும் அழுந்தியதாகக் காட்டும். படிக்கும் வரிசையைத் தவிர மற்ற எல்லா வரிசைகளையும் தரையோடு பிடித்து வைத்தால் பெருமளவு அடங்கும். அவற்றை அந்தரத்தில் விடுவதுதான் வழக்கமான தப்பு. வரிசைகளை ஒவ்வொன்றாக இணைக்கும் மல்டிபிளெக்சர் மாற்றியவுடன் முதல் ரீடிங்கைத் தள்ளிவிட்டு இரண்டாவதை எடுங்கள்.

விரிப்பும் முக்கியம். பவானி ஜமக்காளம் தடிப்பானது, அதன் மேல் படுத்தால் அழுத்தம் பரவி எல்லா நிலையும் ஒரே திட்டாகத் தெரியும். அதைப் பாய்க்கு அடியில் விரியுங்கள், மேலே மெல்லிய பருத்தி விரிப்புப் போதும். விரிப்பு சுருண்டு மடிந்த இடம் நீளக் கோடாக எரியும். வேர்வை உள்ளே இறங்கினால் ரீடிங் ஊர ஆரம்பிக்கும், பாயை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் இட்டு ஓரத்தை ஒட்டிவிடுங்கள்.

இரவு முழுக்க எடை ஊர்கிறது

ஆள் படுத்தபின் எடை மெல்ல ஏறியோ இறங்கியோ போனால், கேன் சோதனையின் 30 நிமிட எண்ணோடு ஒப்பிடுங்கள். கேனுக்கும் ஊர்ந்தால் செல் அல்லது போர்டு. வீட்டைத் துடைக்கும்போது ஈரத் துணி பட்டு, இணைப்புகளுக்கிடையே ஈரம் கசிவதுதான் பொதுவான காரணம். போர்டைத் தரையில் வைக்காமல் கட்டில் சட்டத்தின் உட்புறம் டப்பாவில் ஏற்றி, பற்றவைத்த இடங்களுக்கு வார்னிஷ் பூசுங்கள். கேனுக்கு ஊராமல் ஆளுக்கு மட்டும் ஊர்ந்தால் போர்வை தரையில் சரிந்து அதன் எடையில் பாதி தரைக்குப் போயிருக்கும், அல்லது மெத்தை சுவர்ப்பக்கம் நகர்ந்திருக்கும். பகலில் கட்டில் காலியாக இருக்கும் 10 நிமிடத்தில் தானாகப் பூச்சியம் எடுக்கும்படி வையுங்கள். மடித்து வைத்த துணி மூட்டையோடு பூச்சியம் எடுத்துவிடக் கூடாது. முந்தைய நாளோடு 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் பூச்சியத்தை மாற்றாமல் எச்சரிக்க வேண்டும்.

திடீர் ஊசிகள், அறுந்த பதிவு, தப்பான நேரம்

ஒரே ஒரு ரீடிங் மட்டும் இரட்டிப்பாகவோ அபத்தமாகவோ பாய்ந்தால் அது உடம்பில்லை. எச்.எக்ஸ்.711-இன் கடிகாரக் கால் 60 மைக்ரோநொடிக்கு மேல் உயரத்தில் நின்றால் சில்லு உறங்கிவிடும். வைஃபை வேலை நடுவில் குறுக்கிடும்போது இது நடக்கும், ஒரு பிட் தவறும். 24 பிட்டும் படித்து முடியும் வரை இன்டரப்டை (மற்ற வேலைகள் குறுக்கிடுவதை) நிறுத்துங்கள். மிச்சத்துக்கு 3 ரீடிங்கின் இடைநிலையை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை) எடுத்தால் போதும், சராசரி வேண்டாம். சராசரி ஊசியைப் பரப்பிவிடும்.

போர் மோட்டார் ஓடத் தொடங்கும் நேரத்தில் எல்லாம் பதிவு அறுந்தால் வோல்டேஜ் இறங்கி போர்டு மறுபடி தொடங்குகிறது. சீரியல் பதிவில் பிரவுன்அவுட் என்று இருக்கும். தோட்டங்களில் பல மோட்டார் ஒன்றாக ஓடும் நேரத்தில் பாருங்கள். நல்ல 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரும், போர்டின் மின்னூட்டக் காலருகே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வேண்டும். அதன் பிறகும் அறுந்தால் யூ.எஸ்.பி. வயரை மாற்றுங்கள். வயரில் எலிக் கடி இருக்கிறதா என்றும் பாருங்கள், கட்டிலடியில் போகும் வயரை பி.வி.சி. குழாயில் விடுவது நல்லது.

இரவு 10 மணிக்குப் படுத்தது மாலை 4:30 என்று பதிவானால் இந்திய நேரத்துக்கான 19800 நொடி சேர்க்கப்படவில்லை. 1970 ஜனவரி என்று வந்தால், கரண்ட் போய் வந்தபின் ரூட்டர் எழுவதற்குள் போர்டு எழுந்துவிட்டது, நேரம் கிடைக்கவில்லை. டி.எஸ்.3231 கடிகாரத் தொகுதி ஒன்றைப் பட்டன் பேட்டரியோடு சேர்த்துவிடுங்கள். ஒரு தூக்கம் இரண்டு நாளாகப் பிரிந்தால் ஒரு நாளின் கணக்கை நள்ளிரவில் வெட்டாமல் நண்பகலில் வெட்டுங்கள். திருப்பூர் பனியன் கம்பெனியிலும் மில்லிலும் இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கு நண்பகல் நடுத் தூக்கம், அவருக்கு மாலை 6 மணிக்கு வெட்டுங்கள்.

ஒரே கட்டிலில் இருவர்

நெஞ்சுக்கு அடியில் பட்டை இருந்தாலும் ஸ்பிரிங் மெத்தையில் பக்கத்தவர் புரள்வதும் வரும். ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டை வைத்து, ஒரே நொடியில் இரண்டிலும் அசைவு வந்தால் பெரிய அலை வந்த பக்கத்துக்குக் கணக்கு எழுதுங்கள். நான்கு கால் செல்லால் இருவரைப் பிரிக்க முடியாது. தனி மெத்தை, தனிக் கட்டில்தான் தீர்வு.

'2 மணி நேரமாகப் புரளவில்லை' என்ற மணி பொய்யாக அடிக்கிறது, அல்லது அடிக்கவே இல்லை

படுக்கைப் புண் வராமலிருக்க, தானாகப் புரள முடியாதவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது வழக்கம். இந்த மணிக்காகவே பல வீடுகளில் சென்சார் வைக்கிறார்கள். மணி அடிக்காமல் போவதுதான் ஆபத்து. அதற்குக் காரணம் பெரும்பாலும் கைகால் அசைவைப் புரண்டதாக எண்ணுவது. இருமினால், கையை நீட்டினால் எடை மையம் விலகி மீண்டும் பழைய இடத்துக்கு வரும். புரண்டால் புது இடத்தில் நிற்கும். அசைவு அடங்கி 60 நொடி கழித்தும் மையம் 4 சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் மட்டும் புரண்டதாக எண்ணும்படி தொடங்கி, உங்கள் கட்டிலுக்கேற்ப அதை மாற்றிக்கொள்ளுங்கள். பியசோவை மட்டும் நம்பி இந்த மணியை வைக்கவே கூடாது.

காற்று மெத்தை போட்டிருந்தால் அதன் காற்றறைகள் மாறிமாறி ஊதும்போது, ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒருமுறை, பட்டையும் பாயும் அசைவு என்று காட்டும். அசைவு வந்ததும் மணியின் கணக்கு மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும், மணி அடிக்கவே அடிக்காது. இங்கே நான்கு கால் செல்தான் சரி, காற்று எந்த அறையில் இருந்தாலும் எடை மையம் பெரிதாக நகராது. சாப்பாடு ஊட்டுபவர் கட்டில் ஓரத்தில் உட்காரும்போது மொத்த எடை கூடும். மொத்தம் 10 கிலோவுக்கு மேல் கூடியிருக்கும் நேரத்தில் எந்த முடிவும் எடுக்காதபடி நிரலில் வையுங்கள்.

மணி சரியாக அடித்தாலும் அடிக்காவிட்டாலும், ஒவ்வொரு முறை திருப்பும்போதும் வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தபின்னும் சிவப்பு மறையாத இடம் இருந்தால், கருத்த தோலில் அது கருமையாகவோ சூடாகவோ தெரிந்தால், இடைவெளியை 2 மணி நேரத்திலிருந்து குறைத்து அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.